வாளிக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரின் தலையில் தண்ணீர் விழுகிறது. வாளியைச் சாய்த்துப் பிடித்திருப்பவருக்கு அவசரமே இல்லை. முதலில் மேல்விளிம்பு, பிறகு நடுவில் உள்ள வலை, கடைசியில் ஒயர் உள்ளே நுழைகிற மூலை. ஜீப்பின் சொந்தக்காரர் இரண்டடி தள்ளி, ஊசி போட்டுக்கொள்ள வந்தவரைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். பாட்டு நிற்கவில்லை. கரகரக்கவும் இல்லை. வாளி காலியானதும் அதைக் கவிழ்த்து ஓர் உதறு உதறிவிட்டு அவர் சொல்கிறார்:

"கண்ணத் தெறங்க சார். வண்டிக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்கும் ஒண்ணும் ஆகல."

தெருவில் எல்லோருக்கும் அவர் வாளிக்காரர்தான். பட்டறைப் பலகையில் ஒரு காலத்தில் வேறு பெயர் எழுதியிருந்ததாம். வருகிற வண்டிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி, தெறித்துத் தெறித்து, எழுத்து அழிந்துபோயிற்று. என் அலுவலகம் அந்தப் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மதியம் சாப்பிட்டதும் கோப்புகளைத் திறக்க மனம் வராத நேரங்களில் கீழே இறங்கி, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். அவர் என்னை வா என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை.

அவரிடம் வருகிறவை எல்லாம் கூரையில்லாத வண்டிகள். திறந்த ஜீப், தோட்டத்துக்குள் ஓடுகிற சின்ன வண்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற நீளக் கார். கூரை உள்ள காரைக் கொண்டுவந்து பாட்டுப்பெட்டி வைக்கச் சொன்னால் முகத்தில் ஒரு சலிப்பு வரும். "வீட்டுக்குள்ள ரேடியோ வெக்கிறதுக்கு என்னய எதுக்குத் தேடி வர்றீங்க?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

ஒல்லியான, உயரமான உடம்பு. ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். வேலை தொடங்கும் முன் வண்டியின் உடம்பெங்கும் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார், மருத்துவர் முதுகில் தட்டுவது போல. எங்கே தகடு மெலிந்திருக்கிறது, எங்கே உள்ளே துரு, எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அந்தத் தட்டலிலேயே தெரிந்துவிடும். தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அதை 'அவன்' என்றுதான் சொல்வார். வேண்டாத உறவுக்காரரைப் பற்றிப் பேசுகிற தொனி.

"அவன் நேரா வர மாட்டான். ஒயரப் பிடிச்சுக்கிட்டே வருவான். அதனால ஒயர் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி இப்பிடி ஒரு தொங்கல் விடணும். தொங்கல்ல வந்ததும் அவனுக்கு மேல ஏறத் தெரியாது. சொட்டிட்டுப் போயிருவான்."

அப்படியும் உள்ளே வந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஊசி பருமனில் ஒரு துளை. "வந்தவன் வெளிய போக வழி இருக்கணும் இல்லையா? அவன உள்ள வெச்சுப் பூட்டினாத்தான் நமக்குக் கஷ்டம்."

தாள் ஒட்டிய ஸ்பீக்கரைக் கையால் தொட மாட்டார். ஒரு மழையில் அது அப்பளம் போல ஊறிவிடும். இணைப்புகளை ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்து, ரப்பர் உறை போட்டு, அதற்கு மேல் பசை பூசி, அதையும் நம்பாமல் ஒரு நாள் காயவிட்டு, அப்புறம்தான் வாளி. சோதனைக்கு இருபது வருடமாக ஒரே பாட்டு. அதன் இரண்டாவது சரணம் எப்படி முடியும் என்பது அவருக்கே தெரியாது. அதற்குள் வாளி காலியாகிவிடும்.

இத்தனை வண்டிக்குப் பாட்டு வைத்தவர், வைத்த வண்டி எதிலும் ஏறிப் போனதில்லை. ஏறினால் வாந்தி. முன்பு படகுகளுக்கு மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் அங்கேதான். அந்த வேலையை விட்டதற்குக் காரணமும் இந்த வாந்திதான்.

"கரையில கட்டிப் போட்ட படகுலயே வாந்தி எடுத்த எலக்ட்ரீஷியன் நான் ஒருத்தன்தான் சார்," என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார். பேருந்து, கார், ஆட்டோ எதுவும் ஆகாது. சைக்கிள் மட்டும் சரிப்படும்.

அவருடைய மனைவிக்கு இதில் ஒரு தீராத மனக்குறை உண்டு. அந்த அம்மாள் அடுத்த கொட்டகையில் வண்டிச் சீட்டுகளுக்கு உறை தைக்கிறார். காதில் பென்சில் செருகுவது போல ஒரு சாக்பீஸ் துண்டைச் செருகியிருப்பார். "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு எல்லாரும் பஸ்ல போனோம். இவர் சைக்கிள்ல வந்தாரு. பந்தல் பிரிக்கும்போது வந்து, மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாரு."

வாளிக்காரர் இதைக் கேட்டதும் ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இருவருக்கும் தொழிலில் ஓர் எல்லைத் தகராறு இருந்தது. அவருக்கு ஸ்பீக்கர் வைக்கத் துளை போட வேண்டும். அந்த அம்மாளுக்குத் தைத்த உறை அப்படியே இருக்க வேண்டும். "என் சீட்டுல ஓட்டை போட்டீங்கன்னா உங்க சட்டையில ஓட்டை போடுவேன்," என்று ஒருமுறை கத்தரிக்கோலோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். அது விளையாட்டா இல்லையா என்று இன்றுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அதனால் வாளிக்காரர் கதவிலும் காலடியிலும் மட்டும் துளை போடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பட்டறைக்கு, மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுற்றுலா வண்டி வந்தது. ஏரியையும் பழைய கடைத்தெருவையும் சுற்றிக் காட்டுகிற நீள வண்டி. நான்கு வரிசை இருக்கைகள். கூரை கிடையாது. மழை வந்தால் பயணிகளுக்கு ஆளுக்கொரு மழைச்சட்டை. ஒரு மாதத்துக்கு முன்புதான் வாளிக்காரரின் மனைவி அதற்குப் புதுச் சீட்டு உறை தைத்துக் கொடுத்திருந்தார்.

அதை ஓட்டிக்கொண்டு வந்த அம்மாள், வண்டியை நிறுத்தி இறங்கி, வணக்கம் சொல்லவில்லை. பையிலிருந்து பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றை எடுத்து, எழுதி, வாளிக்காரர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"அண்ணே, எனக்குத் தொண்டை போச்சு."

பத்தொன்பது வருடம் வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர்க்கதையைக் கத்திச் சொன்னவர். குரல் நாண்களில் காய்ப்பு விழுந்துவிட்டது. இனிமேல் கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, தேவையானபோது மெல்லிய குரலில் அளவாகப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த அளவை வண்டிக்காகச் சேமித்து வைத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் சிலேட்டில் பேசினார். காய்கறி வாங்குவதும் சண்டை போடுவதும் சிலேட்டில்தான். அழிப்பதற்குப் புறங்கை.

வண்டியின் முதலாளி வேறொரு ஏற்பாட்டோடு இருந்தார். யாரோ ஓர் இனிய குரலில் கதைகளைப் பதிவு செய்து போட்டுவிடலாம், இந்த அம்மாள் ஓட்டினால் மட்டும் போதும் என்பது அவர் யோசனை. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு வாரம் பொறுக்கச் சம்மதித்திருந்தார். திங்கட்கிழமை அவரே வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அங்கே குரல் கேட்டால் சரி. இல்லையென்றால் பதிவுக்குரல்.

அம்மாள் சிலேட்டை அழித்து எழுதினார்: "பதிவுக்குரலுக்கு வழியில மாடு நின்னா என்ன சொல்லத் தெரியும்?"

வாளிக்காரர் அதைப் படித்தார். படித்துவிட்டு வண்டியைத் தட்டத் தொடங்கினார்.

மூன்று நாள் வேலை. நான் வழக்கத்தைவிட அதிகமாகவே டயரில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் அருகே வளைகிற கழுத்தோடு ஒரு மைக். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், மூடி போட்ட பெட்டிக்குள், குரலைப் பெருக்குகிற ஆம்ப். ஒவ்வொரு வரிசையிலும் காலடிப் பலகையில் இரண்டு ஸ்பீக்கர்கள், மழை நேராக விழாதபடி இருக்கைக்குக் கீழே பதுங்கி. வெள்ளிக்கிழமை காலை வாளிக்காரர் ஒரு வாளியல்ல, எட்டு வாளி ஊற்றினார். அந்த அம்மாள் மைக்கில் மெல்ல, "எல்லாருக்கும் வணக்கம்," என்றார். நின்ற வண்டியில் அந்தக் குரல் தெருமுனை வரை போயிற்று. சற்றே உடைந்த, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற குரல். வாளிக்காரர் வாளியைக் கவிழ்த்து உதறினார்.

மதியம் வண்டி திரும்பி வந்தது. அம்மாளின் முகம் சரியில்லை. சிலேட்டு வந்தது.

"கடைசி வரிசைல ஒண்ணுமே கேக்கலையாம்."

"அது எப்பிடிம்மா? இங்க கேட்டுச்சே."

புறங்கை ஒரு முறை போய் வந்தது. "இங்க வண்டி நிக்குது."

வாளிக்காரர் சிலேட்டை இன்னொரு முறை படித்தார். இருபது வருடத்தில் அவர் வைத்த பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஜீப்காரர்களுக்குப் பாட்டு கொஞ்சம் காற்றோடு கலந்தால் பரவாயில்லை. கதை அப்படியல்ல.

முதலில் மனைவியை அனுப்பினார். அவர் ஒரு சுற்றுப் போய்வந்து, "ஒரே இரைச்சலா இருக்குங்க," என்றார்.

"இரைச்சல் எங்கேருந்து வருது?"

"எங்கேருந்து வரும்? வண்டியிலேருந்துதான்."

அப்புறம் என்னை அனுப்பினார். நான் அக்கறையோடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்து, யாரோ தாளைக் கசக்குவது போல இருந்தது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கசங்குறது மைக்குலயா, ஸ்பீக்கர்லயா, உங்க காதுலயா சார்?" எனக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒரே இடத்தில்தான் கேட்டன.

சாயங்காலம் வரை அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஸ்பீக்கரைத் தட்டினார். ஆம்ப்பைத் திறந்து மூடினார். வேறு ஒருவர் காதை இரவல் வாங்கி வேலை நடக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் மனைவியிடம் போய் நின்றார்.

"நாளைக்குக் காலையில எனக்குச் சாப்பாடு வேண்டாம்."

அந்த அம்மாள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "ஏறப் போறீங்களா?"

"ம்."

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஏறாதவரு."

"உங்க அண்ணன் கல்யாணத்துல ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு."

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. வாளிக்காரர் கடைசி வரிசையில், ஒரு கையில் எலுமிச்சைத் துண்டும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. முன்வரிசையில், ஓட்டுகிற அம்மாளுக்குப் பக்கத்தில் நான். வண்டி புறப்படும் முன்பே வாளிக்காரரின் முகம் வெளுத்திருந்தது. ஓட்டுகிற அம்மாள், ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார்.

"மெதுவாப் போனா எப்பிடி? தினமும் போற வேகத்துல போங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மாள் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிறகு வேகம் எடுத்தார்.

முன்கண்ணாடி இடுப்பளவுதான். அதைத் தாண்டி வந்த காற்று மைக்கில் மோதியது. அம்மாள் மெல்லிய குரலில் கதை சொல்லத் தொடங்கினார். நீலக் கதவு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள். ஆனாலும் இருவருக்கும் ஒரே தபால்பெட்டிதான். பாலத்துக்குக் கீழே ஒரு வாத்து வருடா வருடம் படித்துறையின் மூன்றாம் படியில்தான் முட்டையிடும். இரண்டாம் படியில் ஒருபோதும் இடாது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாளிக்காரர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். பிறகு மறுபக்கம். பிறகு மெல்லக் குனிந்தார். வாந்திதான் வந்துவிட்டது என்று நினைத்து மனைவி பையை விரித்துப் பிடித்தார். அவரோ பையைத் தள்ளிவிட்டு இன்னும் குனிந்து, தலையை முழங்காலுக்கு அருகே கொண்டுபோய், அப்படியே கிடந்தார்.

"இங்க இருக்கு," என்றார்.

"எது?"

"குரல். இங்க எவ்வளவு சுத்தமாக் கேக்குது தெரியுமா? நீ குனி."

மனைவியும் குனிந்தார். இருவரும் முழங்காலில் காதை வைத்துக்கொண்டு வாத்துக் கதையைக் கேட்டார்கள். சாலையோரத்தில் குடை பிடித்துப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"காதுக்கு வர்றதுக்குள்ள காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருது. மழையா வர்ற அவனுக்குப் பயந்து நான் எல்லாத்தையும் கீழ ஒளிச்சு வெச்சேன். சத்தம் இப்ப முழங்காலுக்குப் போகுது," என்றபடி நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்தில், மூன்றாவது வளைவில், பைக்கு வேலை வந்தது.

அம்மாள் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் பின்னால் போய், தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வாளிக்காரர் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். சிலேட்டு அவர் முன்னால் வந்தது.

"எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான். ஓட்டிக்கிட்டே எடுப்பேன்."

அவர் அதைப் படித்து, வெளிறிய முகத்தோடு சிரித்தார். "நாம திரும்பி நடந்தே போயிரலாங்க," என்றார் மனைவி. அவர் தலையாட்டினார். மறுக்கிற தலையாட்டல்.

"பாதிதான் பிடிபட்டிருக்கு. கசங்குற சத்தம் இன்னும் இருக்கு. இன்னொரு சுத்துப் போகணும்."

இரண்டாவது சுற்றில் என் தொப்பிக்கும் வேலை கிடைத்தது. அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் நான் அதைக் கழற்றி மைக்குக்கு முன்னால் பிடிக்க வேண்டும். இறக்கினால் எடுத்துவிட வேண்டும். தொப்பி வந்தால் கசங்கல் நின்றது. போனால் வந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்து, உறுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது பையைக் கேட்டார்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது தூறல் நின்றிருந்தது. வாளிக்காரர் இறங்கி, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர் போல உட்கார்ந்துவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராக வர வேண்டும். காதுக்கு நேராக இருப்பது ஒவ்வொருவருக்கும் முன்னால் உள்ள சாய்மானத்தின் முதுகு. அதன் மேல் இருப்பது ஒரு மாதத்துப் புது உறை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே காதிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, முன்னால் இருந்த சாய்மானத்தின் முதுகில், தான் தைத்த தையலுக்கு நடுவே, ஒரு வட்டம் போட்டார். தள்ளி இன்னொன்று. அப்படியே ஒவ்வொரு வரிசையாக முன்னேறி வந்தார்.

"கோணலா வெட்டிராதீங்க," என்றார் இறங்கும்போது. "வெட்டின ஓரத்தை மடிச்சுத் தைக்க எனக்கு ஒரு விரல் துணி வேணும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கொட்டகைக்கும் நடுவே எல்லைக்கோடு இல்லை. வாளிக்காரர் வெட்டினார், மனைவி தைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மேலே மழை வழிந்து போக ஒரு சின்ன மடல், இமை போல. சீட்டுக்குள் திணிக்கிற பஞ்சுக்கட்டியை முட்டை வடிவில் செதுக்கி, குடைத்துணி தைத்து, மைக்குக்கு ஒரு குல்லாய். பசையை ஒரு நாள் காயவிட நேரமில்லை; தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் வாளியை எடுத்த வாளிக்காரர் முதல் முறையாகத் தயங்கினார். மனைவியின் புதுத் தையல் மேல் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. மனைவி வாளியை வாங்கித் தானே ஊற்றினார்.

"இவ்வளவு வேகமா ஊத்தக் கூடாது," என்றார் வாளிக்காரர்.

"மழை உங்களக் கேட்டா ஊத்துது?"

திங்கட்கிழமை முதலாளி வந்தார். நல்ல மழை. மழைச்சட்டை போட்ட பயணிகளோடு அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வண்டி போயிற்று. நாற்பது நிமிடத்தில் திரும்ப வேண்டியது, ஐம்பதாகியும் காணோம். வாளிக்காரர் அந்த நேரத்தில் ஒரு ஜீப்பின் கதவை நான்கு முறை கழற்றி மாட்டினார். கழற்ற வேண்டிய கோளாறு அதில் ஒன்றும் இல்லை.

வண்டி வந்து நின்றது. முதலாளி நனைந்த தலையோடு இறங்கினார். வாளிக்காரரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த வாத்து," என்றார், "ரெண்டாம் படியில ஏன் முட்டை விடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தம்மா பாதியில விட்டுட்டாங்க. நடுவுல மாடு வந்திருச்சு."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து சிலேட்டு உயர்ந்தது. "அடுத்த சுத்துல சொல்றேன். டிக்கெட் வாங்குங்க."

பதிவுக்குரல் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. வாளிக்காரர் மறுபடி சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார். ஜீப்காரர்களிடம் மட்டும் இப்போதெல்லாம், "ஓடுறப்பக் கேட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, காத்தா ஸ்பீக்கரா காதான்னு பிரிச்சுச் சொல்லணும்," என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார்.

போன வாரம் நான் டயரில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வண்டியின் மேல் குனிந்து, சாலிடர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரை யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். தெருவில் சுற்றுலா வண்டி வந்தது. புதிதாக எங்கள் தெருவையும் அந்த அம்மாள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"வலது பக்கம் அந்த மஞ்சள் கட்டடத்தப் பாருங்க," என்றது மெல்லிய குரல். "மூணாவது மாடியில ஒரு கதவு தெரியுதா? அதுக்கு வெளியில படியும் இல்ல, பால்கனியும் இல்ல. எதுக்கு வெச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு."

கடைசி வரிசையில் இருந்த நான்கு தலைகளும் ஒன்றாக வலது பக்கம் திரும்பின. வாளிக்காரர் சாலிடர்க் கம்பியை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இருபது வருடமாகத் தன் பட்டறைக்கு எதிரே நிற்கிற கட்டடத்தின் மூன்றாவது மாடியை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்.